‘ஒன்றுமில்லை’ என்றொரு பொத்தான்

நுவாக்ஷோட்
ஆகஸ்ட் 28

தம்பி யஹ்திக்கு,

ஒட்டகங்கள் சுகமா? அப்பாவின் இடுப்புவலி எப்படி இருக்கிறது? உன் வயிறு சொன்ன பேச்சைக் கேட்கிறதா? எல்லாவற்றுக்கும் ‘ஒன்றுமில்லை, நலம்’ என்றுதான் பதில் வரும். கேட்காவிட்டால் கோபித்துக்கொள்வீர்கள், அதனால் கேட்டுவிட்டேன். இங்கே தலைநகரில் அம்மா என்னோடு நலம். சின்னவளுக்குப் பல் முளைக்கிறது, வீட்டில் ஒருவருக்கும் தூக்கமில்லை.

போன வாரம் நீ வயர்லெஸ்ஸில் கத்தியது எங்கள் வெட்டுக்கிளி அலுவலகம் முழுக்கக் கேட்டது. “இந்தக் கணினிப் பெட்டியில பொத்தானத் தவிர வேற ஒண்ணுமே தெரியலையே, வரைபடம் எங்கக்கா?” என்று நீ கேட்க, இயக்குநர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வரைபட அறைக்கு நான்தானே பொறுப்பு! நீ சொன்னதில் தப்பில்லை. அந்த மென்பொருளை எழுதியவர்கள் ஊரில் இருக்கிற எல்லா வேலைக்கும் ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். ரயில் பாதை வரைய ஒன்று, கடல் ஆழம் குறிக்க ஒன்று. மணலில் வெட்டுக்கிளி தேடி அலைகிற உனக்குக் கடல் ஆழம் எதற்கு?

அதனால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கழித்துக் கட்டினேன். மேலே இருந்த மூன்று கருவிப்பட்டைகளையும் எடுத்துவிட்டேன். பிரெஞ்சு மெனுக்கள் போயே போய்விட்டன. திரையின் அடியில் ஒரே ஒரு பட்டை, அதில் ஐந்து பொத்தான்கள், தலைப்பாகையோடு கண்ணில் மண் விழுந்தாலும் தெரிகிற அளவில். வலது ஓரத்திலிருந்து: ஒன்றுமில்லை, பசும்புல், முட்டை, குஞ்சு, சிறகு முளைத்தது. முக்கால்வாசி நாள் ‘ஒன்றுமில்லை’தானே அழுத்தப் போகிறாய்? அதனால் உன் கட்டைவிரல் தானாகப் போய் விழும் இடத்தில் அதை வைத்திருக்கிறேன்.

இந்த உறைக்குள் இருக்கும் மெமரி கார்டைப் பெட்டியில் செருகு. உன் பெட்டி சாயங்காலம் புள்ளிகளை மட்டும்தான் எனக்கு அனுப்பும். வயர்லெஸ்ஸில் பேசினால் அலுவலகம் முழுக்கக் கேட்கும், அதனால் வசவு, பாசம் எல்லாம் சரக்கு வண்டியில் கடிதமாகத்தான் வர வேண்டும்.

இந்த வருடம் மழை நிறைய. கவனமாக இரு. ஓட்டுநர் தெம்பாவுக்கு என் சலாம் சொல்.

உன் அக்கா
மக்பூலா

•

தல்ஹாக் கிணற்றுக்குத் தெற்கே
செப்டம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கும் அம்மாவுக்கும் பல் முளைக்கிறவளுக்கும் சலாம். ஒட்டகங்கள் சுகம். அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டேதான் எல்லாரையும் விரட்டுகிறார், ஆகவே சுகம்.

உன் பட்டை பிரமாதம்! ஐந்து பொத்தான், ஐந்து விரல். வண்டி ஓடும்போதே அழுத்த முடிகிறது. தெம்பா எட்டிப் பார்த்துவிட்டு, “இத முன்னாடியே செஞ்சிருந்தா நீங்க இத்தன நாள் என்னத் திட்டியிருக்க மாட்டீங்களே” என்றான். அவன் தெற்கே ஆற்றங்கரைக்காரன் அல்லவா, ஊரிலே அவன் அம்மா விதைத்த கம்பு முழங்கால் உயரம் வந்துவிட்டதாம். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கியர் மாற்றக்கூட மறந்துவிடுகிறான்.

அக்கா, நீ இங்கே வந்து பார்க்க வேண்டும். மூன்று வருடம் எலும்பாய்க் கிடந்த மண் இது. இப்போது தல்ஹாக் கிணற்றைச் சுற்றிப் புல் ஒட்டகத்தின் முழங்காலைத் தொடுகிறது. அப்பா காலையில் எழுந்து சும்மா அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான்கு ஒட்டகங்கள் சினையாக இருக்கின்றன. நீ பிறந்தபோது உனக்குக் கொடுத்த ஒட்டகத்தின் பேத்தியும் அதில் ஒன்று.

வெட்டுக்கிளி ஒன்றுமில்லை.

சர்க்கரையும் தேயிலையும் அனுப்பு.

தம்பி
யஹ்தி

•

நுவாக்ஷோட்
செப்டம்பர் 13

தம்பி யஹ்திக்கு,

அப்பா, ஒட்டகங்கள், நீ, தெம்பா, வண்டியின் சக்கரம் வரை எல்லாரும் நலமாக இருக்க வேண்டும். சர்க்கரையும் தேயிலையும் அனுப்பியிருக்கிறேன். தேயிலையை அப்பாவிடம் கொடு, உன்னிடம் இருந்தால் இரண்டு நாளில் காலி.

புள்ளிகளைப் பார்த்தேன். அழகாக வந்திருக்கின்றன. ரொம்ப அழகாக. எல்லாமே ‘ஒன்றுமில்லை’, எல்லாமே வண்டித் தடத்தின் மேலேயே. நீ கீழே இறங்கினாயா?

இன்னொன்றும் பார்த்தேன். தல்ஹாக் கிணற்றைச் சுற்றி வட்டமாக ‘ஒன்றுமில்லை’ விழுந்திருக்கிறது. வட்டத்துக்குள்ளே ஒரு புள்ளிகூட இல்லை. நம் கூடாரம் அங்கேதான் இருக்கிறது. நீ அங்கே போய்த் தூங்கி எழுந்து மோர் குடித்துவிட்டு வருகிறாய் என்று எனக்குத் தெரியும். அங்கே மட்டும் பெட்டியைத் திறக்கவில்லையா? செயற்கைக்கோள் படத்தில் அந்த இடம்தான் மாவட்டத்திலேயே அதிகப் பச்சை. வெட்டுக்கிளிக்கும் கண் இருக்கிறது.

உன்னைக் குற்றம் சொல்லவில்லை. அலுத்துப்போய் ஓட்டத்திலேயே அழுத்தியிருப்பாய். அதனால் பட்டையைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். ‘குஞ்சு’ என்பதை வலது ஓரத்துக்குக் கொண்டுவந்தேன். ‘ஒன்றுமில்லை’யைப் பட்டையிலிருந்து எடுத்து மெனுவுக்குள் போட்டிருக்கிறேன். அதைத் திறந்து, கீழே போய், இன்னொன்றைத் திறந்தால் கிடைக்கும். அழுத்துவதற்கு முன் ஒரு மூச்சு விட நேரமிருக்கட்டும் என்றுதான்.

பதிலைச் சீக்கிரம் எழுது.

அக்கா
மக்பூலா

•

தல்ஹாக் கிணறு
செப்டம்பர் 21

அக்காவுக்கு,

எல்லாரும் நலம். தேயிலை வந்தது. அப்பா முகர்ந்து பார்த்து, “என் மகளுக்கு இன்னும் மூக்கு இருக்கு” என்றார்.

பொத்தானை ஏன் ஒளித்தாய்? நாள் முழுக்க வெயிலில் சுற்றுகிறவனுக்கு ஒரு விரலால் ஆகிற வேலையை மூன்று விரலுக்கு ஆக்கிவிட்டாய். அலுவலகத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தால் இப்படியெல்லாம் யோசனை வரும் போலிருக்கிறது. தயவுசெய்து பழையபடி வைத்துக் கொடு.

கிணற்றுப் பக்கம் புள்ளி இல்லாததற்குக் காரணம் ஒன்றுமில்லை. சொந்தக் கூடாரத்துக்குப் போகிறவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டா போவான்? அப்பா வேறு அதைப் பார்த்தால் முகம் சுளிக்கிறார். “இது என்னடா, எந்நேரமும் மடியில வச்சுக்கிட்டு? பொண்டாட்டியா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

இங்கே இரவில் லேசாகக் குளிர ஆரம்பித்துவிட்டது. ஒட்டகங்கள் கொழுத்து, திமில் நிமிர்ந்து நிற்கின்றன. உன் ஒட்டகம் நடக்கும்போது வயிறு இரண்டு பக்கமும் ஆடுகிறது. அவளை இந்த நிலையில் தூரம் நடத்தக் கூடாது என்று அப்பா அடிக்கடி சொல்கிறார்.

தெம்பா நலம். கொஞ்சம் பேச்சு குறைந்திருக்கிறது.

யஹ்தி

•

நுவாக்ஷோட்
செப்டம்பர் 27

யஹ்திக்கு,

எல்லாரையும் கேட்டதாகச் சொல். இந்த முறை தனித்தனியாகக் கேட்க எனக்குப் பொறுமை இல்லை.

உன் கடிதத்தைப் படித்து ஒரு நாள் யோசித்தேன். தப்பு என் பட்டையில்தான் என்று புரிந்தது. நம் ஆட்களில் ஒருவனிடம் அவன் வீடு எரிகிற நேரத்தில் போய் ‘எப்படி இருக்கிறாய்’ என்று கேட்டாலும் அவன் ‘ஒன்றுமில்லை, நலம்’ என்றுதான் சொல்வான். பிறகு டீ போடுவான். முதல் கோப்பையில் மழையைப் பற்றிப் பேசுவான். இரண்டாவதில் ஒட்டக விலை. மூன்றாவது கோப்பையில்தான் மெல்ல, ‘வீடு எரிகிறது’ என்பான். வேறு மாதிரி சொன்னால் மரியாதை இல்லை. இப்படி ஒரு ஜனத்துக்குக் கருவி செய்யும்போது, முதல் பொத்தானாக ‘ஒன்றுமில்லை’யைக் கொண்டுபோய் வைத்தேனே, என்னைச் சொல்ல வேண்டும்! முதல் வார்த்தையைக் கேட்டதும் பெட்டியை மூடிவிடு என்று நானே உனக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

அதனால் அந்தப் பொத்தானே இனி கிடையாது. மெனுவிலும் தேடாதே. புதிய கார்டில் பட்டை சாம்பல் நிறமாகத் தெரியும், எதை அழுத்தினாலும் அசையாது. வண்டியை விட்டு இறங்கிப் பெட்டியோடு நடந்தால்தான் நிறம் வரும். நிறம் வந்ததும் அது கேட்கும்: காலடியில் புல் உண்டா? மண்ணைத் தோண்டினால் ஈரம் உண்டா? செடியை உதறினால் என்ன விழுகிறது? அதற்குப் பக்கத்தில் வெட்டுக்கிளிப் படம் போட்டிருக்கிறேன். வளர வளர மாறும் நிறங்களில்: கறுப்பு, மஞ்சள், இளஞ்சிவப்பு. உதறிப் பார்த்த பிறகு எதுவும் விழவில்லை என்றால் அதையும் சொல்லலாம்.

நான் நேராகவே கேட்கிறேன், யஹ்தி. தல்ஹாக் கிணற்றில் வெட்டுக்கிளிக் குஞ்சு இருக்கிறதா?

இருந்தால் அவை இப்போது கறுப்பாக, தரையில் தத்திக்கொண்டிருக்கும். அக்டோபர் நடுவில் சிறகு வரும். வந்தால் காற்று தெற்கே தள்ளும். தெற்கே என்ன இருக்கிறது என்று உன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பவனைக் கேள்.

மக்பூலா

•

தல்ஹாக் கிணறு
அக்டோபர் 9

அக்காவுக்கு,

சலாம். அம்மாவுக்குச் சலாம். குழந்தைகளுக்குச் சலாம். உன் வீட்டுக்காரருக்குச் சலாம். இங்கே எல்லாரும் நலம், ஒட்டகங்கள் நலம், கிணற்றில் தண்ணீர் நிறைய இருக்கிறது.

எழுதத் தாமதமாகிவிட்டது. மணற்காற்று அடித்தது. தெம்பாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல். வண்டியில் ஒரு ஸ்பிரிங் போய்விட்டது. பெட்டி வெயிலில் சூடாகித் தானாக அணைந்துவிடுகிறது. பசும்புல் மட்டும் குறித்து அனுப்பியிருக்கிறேன். மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

அந்தப் படங்கள் போட்ட பட்டை கண்ணுக்கு உறுத்துகிறது. முடிந்தால் பழைய ஐந்து பொத்தானைத் திருப்பி அனுப்பு.

பேரீச்சம்பழம் கொஞ்சம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அப்பா தந்தது.

யஹ்தி

•

நுவாக்ஷோட்
அக்டோபர் 11

யஹ்தி,

பழம் வந்தது. அம்மா ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு உன் கடிதத்தைப் படிக்கச் சொன்னாள். படித்து முடித்ததும், “அவன் ஒண்ணுமே எழுதலையேடி” என்றாள். அவளுக்கே தெரிந்துவிட்டது.

நான் கேட்ட கேள்விக்கு நீ ‘இல்லை’ என்று எழுதவில்லை. பொய் சொல்லத் தெரியாதவன் நீ. அதற்காக உன்னை நேசிக்கிறேன், அதற்காகவே இப்போது உன் காதைத் திருகவும் தோன்றுகிறது.

இங்கே நடப்பது இது. பூச்சிமருந்து அடிக்கும் வண்டிகள் முற்றத்தில் நிற்கின்றன. தெற்கிலிருந்து எந்தத் தகவலும் இல்லாததால் ஞாயிற்றுக்கிழமை அவற்றை வடக்கே அனுப்புவதாக இயக்குநர் முடிவு செய்திருக்கிறார். வடக்கே போனால் இந்த மாதம் திரும்பாது. நேற்று அவரிடம் போய்ச் சண்டை போட்டேன்.

“உங்க தம்பியே ஒண்ணும் இல்லைங்கிறார். நீங்க எதை வச்சு இருக்குங்கிறீங்க, மக்பூலா?”

“அவன் எதைச் சொல்லாம விட்டான்னு வச்சுத்தான் சார்.”

“அத வரைபடத்துல எப்படிக் குறிப்பீங்க?”

வெட்டுக்கிளி உள்ள இடத்துக்குத்தான் வரைபடத்தில் சிவப்பு அடிப்போம். இங்கே உட்கார்ந்து நான் சிவப்பு அடித்தால் அது கண்ணால் பார்க்காத சிவப்பு. அதற்கு வண்டி நகராது. நின்று பார்த்தவன் அழுத்த வேண்டும்.

அப்பாவின் மந்தை எனக்கு என்ன, யாரோ ஒருவருடையதா? மருந்து அடித்தால் வாரக்கணக்கில் அந்தப் புல்லில் வாய் வைக்கக் கூடாது. நிறைமாத ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு அப்பா புறப்பட வேண்டும். என் ஒட்டகம் வழியில் கன்றை இழக்கலாம். எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். புல் போனால் நமக்கு ஒரு கெட்ட வருடம். வெட்டுக்கிளிகள் பறந்தால் ஆற்றங்கரையில் உள்ளவர்களுக்குச் சோறே இல்லை. இதில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று எனக்கு ஒரு குழப்பமும் கிடையாது.

இந்தக் கார்டில் மெனு இல்லை, படம் இல்லை, கேள்வி இல்லை. பட்டையில் ஒரே ஒரு பொத்தான். ‘இங்கே’ என்று எழுதியிருக்கிறது. வண்டியை விட்டு இறங்கி நடந்தால் எரியும். நீ அழுத்தினால் சனிக்கிழமைக்குள் என் திரையில் விழும். விழாவிட்டால் ஞாயிறு காலை நானே சரக்கு வண்டியில் ஏறிவிடுவேன். அப்பா கண் முன்னால் நானே நடந்து, நானே செடியை உதறி, நானே அழுத்துவேன். ஆனால் அது உன் விரலாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அக்கா

•

தல்ஹாக் கிணறு
அக்டோபர் 15

அக்கா,

நேற்று அழுத்திவிட்டேன். உன் திரையில் விழுந்திருக்கும். எல்லாவற்றையும் இப்போது எழுதுகிறேன், முன்பே எழுதியிருக்க வேண்டியது.

செப்டம்பரில் உனக்கு முதல் கடிதம் எழுதிய மறுநாளே பார்த்தேன். கிணற்றுக்கு மேற்கே, கொட்டிய தேயிலைத் தூள் போல, கறுப்பாக. தெம்பாதான் முதலில் காட்டினான். நான் பெட்டியை எடுக்கப் போனேன். அப்பா கூடாரத்திலிருந்து கை காட்டினார், டீக்கு வா என்று.

மூன்றாவது கோப்பை வரை வேறு எதையோ பேசினார். பிறகு சொன்னார்:

“மூணு வருஷம் இந்த மண்ணு எனக்கு ஒரு புல்லு குடுக்கல. இப்போ குடுத்திருக்கு. நாலு ஒட்டகம் நெறமாசமா நிக்குது. உங்க வண்டி வந்து மருந்தடிச்சா நான் இதுகள எங்கடா ஓட்டிட்டுப் போவேன்?”

“அடிக்கலன்னா அதுங்களே தின்னுடும்ப்பா.”

“தின்னட்டும். தின்னுட்டு மிச்சம் வச்சுட்டுப் பறந்து போயிடும். உங்க மருந்து மிச்சம் வைக்குமா?”

“பறந்து எங்கப்பா போகும்?”

அவர் கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். “நீ என் மகனா, ஆபீசு மகனா?” என்று மட்டும் கேட்டார். சித்தப்பாக்கள் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பெட்டியைத் திறக்கவில்லை. மறுநாள் அந்த வட்டத்தைச் சுற்றி ஓட்டச் சொன்னேன். தெம்பா ஓட்டினான்.  அன்றிலிருந்து என்னோடு ஒரே தட்டில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். பசியில்லை என்கிறான். தினமும் பசியில்லாமல் ஒருவன் எப்படி வண்டி ஓட்டுவான்?

நீ பட்டையை மாற்ற மாற்ற எனக்குப் பயமாக இருந்தது. முதலில் ஒளிந்துகொள்ள இடம் இருந்தது, பிறகு கொஞ்சம் இருந்தது, நேற்று ஒன்றுமே இல்லை. அந்த ஒற்றைப் பொத்தானைப் பார்த்ததும் வண்டியை விட்டு இறங்கி நடந்தேன். தரை மஞ்சளாக நகர்ந்துகொண்டிருந்தது. அப்பா தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அழுத்தினேன். விழுந்ததோ இல்லையோ என்று இன்னொரு முறையும் அழுத்தினேன்.

அவர் கிட்டே வந்து திரையைப் பார்த்தார். “இத அவதான் செஞ்சாளா?” என்றார். ஆமாம் என்றேன். “இனி அவ இந்தக் கூடாரத்துக்கு வர வேணாம்னு எழுது” என்றார். எழுதச் சொன்னதால் எழுதுகிறேன், அக்கா. கோபித்துக்கொள்ளாதே.

யஹ்தி

•

நுவாக்ஷோட்
அக்டோபர் 17

தம்பி,

நீ சுகமாக இருக்க வேண்டும். அப்பா சுகமாக இருக்க வேண்டும். இதை வாய் வார்த்தையாகச் சொல்லவில்லை.

வண்டிகள் நேற்றுக் காலையே தெற்கே கிளம்பிவிட்டன. உன் புள்ளி விழுந்ததும் இயக்குநரின் கதவைத் தட்டாமலே உள்ளே போய்த் திரையைக் காட்டினேன். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

அப்பா சொன்னதைப் படித்து அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது? அம்மாவிடம் சொன்னேன். அவள் தொழுகைப் பாயை மடித்துக்கொண்டே, “நாப்பது வருஷமா அந்த மனுஷன் கோபத்தப் பார்த்துட்டேன். நீ உன் வேலையப் பாரு” என்றாள். பார்க்கிறேன். இன்னொரு முறை இதே நிலை வந்தாலும் இதையேதான் செய்வேன், அதை அவரிடம் நீ சொன்னாலும் சரி.

வண்டிக்காரர்களிடம் சிவப்பின் எல்லையைச் சரியாகக் காட்டு. காற்று மருந்தைத் தள்ளும் பக்கம் யாரும் நிற்க வேண்டாம். கிணற்றின் வாயைத் தோல் போட்டு மூடுங்கள். அடிப்பதற்கு முந்தின நாளே மந்தை நகர்ந்துவிட வேண்டும்.

மந்தையை அப்பா எங்கே கொண்டுபோவதாக இருக்கிறார்? பக்கத்தில் வேறு புல் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.  உடனே எழுது.

தெம்பாவிடம் என் பெயரைச் சொல்லி, ஒரே தட்டில் உட்காரச் சொல்.

அக்கா
மக்பூலா

•

தல்ஹாக் கிணற்றிலிருந்து தெற்கே சில நாள் நடை
அக்டோபர் 29

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கும் அம்மாவுக்கும் குழந்தைகளுக்கும் வயிறு நிறையச் சலாம். தெம்பா பக்கத்தில் உட்கார்ந்து, என் தட்டிலிருந்தே இறைச்சியை எடுத்துத் தின்றுகொண்டிருக்கிறான். அவனும் சலாம் சொல்கிறான்.

மந்தையை எங்கே கொண்டுபோகிறார் என்று கேட்டாயே. அப்பாவுக்கு ஓர் இடம் இருந்தது. கிழக்குப் பள்ளம். இரண்டு பாறைகளுக்கு நடுவே, வண்டி போக முடியாத இடம். யாரும் பார்த்ததில்லை. அங்கே புல் நெஞ்சளவு இருக்கிறது என்று சித்தப்பா என் காதில் சொன்னார். அரை நாள் நடைதான், சினை ஒட்டகங்களுக்கும் சிரமமில்லை. எனக்கு உயிர் வந்தது. உனக்கு நல்ல சேதி எழுதலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

மருந்து வண்டிகள் வந்த அன்று மந்தைக்குக் கடைசியாகத் தண்ணீர் காட்ட வேண்டியிருந்தது. தோல் வாளியை இழுக்க ஆள் பற்றாமல் தெம்பா போய்க் கயிற்றைப் பிடித்தான். அவனும் அப்பாவும் மாறி மாறி இழுத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அப்பா கேட்டார்:

“உங்க ஊர்ல கம்பு அறுத்தாச்சாடா?”

“இன்னும் இல்ல பெரியவரே. இப்பத்தான் கதிர் முத்துது.”

“இதுங்க இங்க இருக்கிறது உனக்கு மொதல்லருந்தே தெரியும்.”

“தெரியும்.”

“இத்தன வாரமா ஏன் வாயத் தொறக்கல?”

“உங்க கூடாரத்து நெழல்ல உக்காந்து உங்க டீயக் குடிச்சுட்டு இருக்கேன். விருந்தாளி எப்படிச் சொல்றது?”

அப்பா கயிற்றை விட்டுவிட்டார். வாளி உள்ளே போய் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை, அக்கா. தன் கூடாரத்தில் ஒரு விருந்தாளி இத்தனை நாள் வயிற்றெரிச்சலோடு உட்கார்ந்து, நன்றி சொல்லிக் கோப்பையைத் திருப்பித் தந்திருக்கிறான். அவருக்கு அதைவிடப் பெரிய அவமானம் வேறு இல்லை.

அவர் நேராக என்னிடம் வந்தார். “பெட்டியக் காட்டு” என்றார். காட்டினேன். கிணற்றைச் சுற்றிச் சிவப்பாக இருந்தது.

“இவ்வளவுதானா?”

“நான் பார்த்தது இவ்வளவுதாம்ப்பா.”

“கெழக்குப் பள்ளத்த எவன் பார்ப்பான்? அங்க இருக்கிற வெட்டுக்கிளியில பாதிகூட இங்க இல்லடா!”

சித்தப்பா வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அப்பா என்னை ஒட்டகத்தில் ஏற்றி, தானும் ஏறி, பள்ளத்துக்குக் கூட்டிப்போனார். இறங்கினோம். செடிகளின் தண்டே தெரியவில்லை, அவ்வளவு அடர்த்தி. சிலவற்றுக்குச் சிறகு முளைக்க ஆரம்பித்திருந்தது. நான் பெட்டியை நீட்டினேன். அவர் விரலைத் தன் அங்கியில் துடைத்துக்கொண்டு, ‘இங்கே’ என்பதை அழுத்தினார். நடந்தார், அழுத்தினார். பள்ளத்தின் கடைசி வரை போய் அழுத்திவிட்டுத்தான் நின்றார். “செய்யறத முழுசாச் செய்யணும். பாதி வேல பார்க்கறவன் என் மகன் இல்ல” என்று எனக்கு ஒரு திட்டு.

வண்டி போக முடியாததால் ஆட்கள் முதுகில் சுமந்துகொண்டு போய் மருந்து அடித்தார்கள். முடிந்துவிட்டது. ஆற்றங்கரைப் பக்கம் எதுவும் பறக்கவில்லை.

மந்தை தெற்கே நடந்துகொண்டிருக்கிறது. கஷ்டம்தான், பொய் சொல்லமாட்டேன். ஓர் ஒட்டகம் வழியில் கன்றை இழந்துவிட்டது. உன்னுடையது இல்லை, அப்பாவினுடையது. அவர் அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து நடந்தார்.

நேற்றுத் தங்கிய இடத்தில் மறுபடியும் பெட்டியைக் கேட்டார். சிவப்பையே வெகு நேரம் பார்த்தார். கிணறு, மேற்கு, பள்ளம், எல்லாம் சிவப்பு.

“இந்தச் செவப்ப எடுக்கிற பொத்தான் எதுடா?”

“அது இதுல இல்லப்பா. புல்லு சுத்தமாயிடுச்சுன்னு தெரிஞ்ச பெறகு அக்காதான் எடுக்கணும். அவ மேசையில உக்காந்து எடுப்பா.”

மூன்றாவது கோப்பையைக் குடித்து முடித்தார். பிறகு பெட்டியை என் மடியில் வைத்துவிட்டுச் சொன்னார், சொன்னபடியே எழுது என்றார், எழுதுகிறேன்:

“மேசையில உக்காந்து எடுக்க வேணாம்னு சொல்லு. இங்க வந்து, அந்தப் புல்லத் தன் கையால புடுங்கிப் பார்த்து, என் முன்னாடி நின்னு எடுக்கட்டும்.”

உன் தம்பி
யஹ்தி